ஊரணியில் நான் வாரச் சொன்ன பாசி

செடி சேகரிக்கும் உத்தியோகம் என்றால் பாதி நேரம் தண்ணீரைப் பார்த்துச் சொக்கிப்போய் நிற்பது, மீதி நேரம் திட்டு வாங்குவது. என்னைப் போல ஊர் ஊராய் அலைந்து பிழைப்பவர்களுக்கு இது புரியும். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில், ஒரு கல்லூரிக்காக நீர்ச்செடி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காலை வைத்தது

திருமயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரணி. ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். வெயில் அடிமண் வரை இறங்கியிருந்தது. பச்சைப் பாசி நீள நீளமாக அசைய, அதிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. எங்கே நிற்கிறேன் என்பதே மறந்து, வேட்டியை மடித்துக் கட்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். குடத்தோடு வந்த வள்ளியம்மை என்ற பெண் கத்தினார்: "யாருங்க அது? குடிக்கிற தண்ணியில காலை வைக்கிறது! ஒங்க வீட்டுப் பானைக்குள்ளயும் இப்படித்தான் எறங்குவீங்களா?"

பெயர் சொன்னது

மன்னிப்புக் கேட்டு, கல்லூரிக்குச் செடி எடுக்க வந்ததைச் சொன்னதும் அவரே ஒரு கொத்துப் பாசியை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வந்து, இது என்ன பாசி, இருக்கலாமா என்று கேட்டார். பூவைப் பார்க்காமல் எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. கொசு அடையும் பாசி, எடுத்துவிடுங்கள் என்றேன். துறட்டி போட்டு ஒரே நாளில் வாரிக் கரையில் கொட்டினார்கள். அது காய்வதைப் பார்க்காமல், வள்ளியம்மை கொடுத்த கொத்தை என் குடுவைத் தண்ணீரில் போட்டு மூடிக்கொண்டேன். அம்பலக்காரருக்கோ பூரிப்பு. "படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

திரும்பக் கொண்டுபோனது

என் குடுவையில் இருந்த கொத்து சில வாரம் கழித்துப் பூத்தது. கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய சின்னஞ்சிறு பூ, தண்ணீர்மேல் மிதந்தது. வேலம்பாசி! சேற்றைப் பிடித்துவைத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பதே அதுதான். கொசுப்புழுவைத் தின்னும் மீன்குஞ்சுகளுக்கு வீடும் அதுதான்.

அன்றே ஓடினேன். ஊரணி பச்சைக் குழம்பாகக் கிடந்தது. பெண்கள் பக்கத்து ஊருக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன பாசி என்று தெரியாமலே வாரச் சொன்னதை ஊராரிடம் ஒப்புக்கொண்டேன். குளத்தூர்ப் பக்கத்துக் கண்மாயிலிருந்து இரண்டு சாக்குப் பாசியை பஸ்ஸில் கொண்டுவந்து, களிமண் உருண்டைகளில் செருகி, படியில் நின்றபடியே எல்லோருமாக எறிந்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது குமிழிகள் மறுபடி வந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. வள்ளியம்மை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "தண்ணி தெளிஞ்சிருச்சு. இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் கொறைச்சலா நெனைக்க மாட்டோம்."

அதற்கப்புறம் என் குறிப்பேட்டில் அதிகம் இடம்பிடித்த செடி, ‘தெரியவில்லை’ என்பதுதான்.