மணல்மேட்டில் ஒரு சேணப்புள்ளி

பல்மாறி நுண்கணிதத்தில் நான் ஒருமுறை கவிழ்ந்தவள். விரிவுரை வேகமாகப் போகிறது, கரும்பலகை பளபளக்கிறது, நாரந்தனையிலிருந்து வரும் பஸ் பிந்துகிறது என்று, ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதையாக, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. ரிப்பீற் பரீட்சையிலும் கவிழ்ந்தால் கணிதச் சிறப்புப் பட்டத்துக்கு விடமாட்டார்கள். எனக்குக் கணிதத்தில் கொள்ளை ஆசை. கணிதத்துக்குத்தான் என்னில் ஆசை இல்லை.

என்னைக் கரைசேர்த்தவள் என் வகுப்புத் தோழி. மண்டைதீவில் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. மற்ற எல்லாப் பாடத்திலும் ஏ எடுப்பவள், இதில் மட்டும் பி எடுத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் கவலை எனக்கு.

அவள் ஏறும் சந்தியிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் தினம் ஒரு கணக்குச் சொல்லித் தருவாள். எல்லாம் மண்டையில் ஏறியது, சேணப்புள்ளியைத் தவிர. அது மேடும் இல்லையாம், பள்ளமும் இல்லையாம். குதிரைச் சேணத்தை நினைத்துக்கொள் என்கிறது புத்தகம். நான் கண்ட குதிரைகள் நெடுந்தீவில் காட்டில் திரிபவை. அவற்றின் முதுகில் ஏது சேணம்?

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னாள். நான் கொண்டுபோன கொப்பியை வாங்கிக் குசினி யன்னலில் வைத்துவிட்டு, என்னை வள்ளத்தில் ஏற்றினாள். ஆழம் குறைந்த பரவைக்கடலில் மரக்கோலை ஊன்றி ஊன்றி அவள் வள்ளத்தைத் தள்ளிய லாவகத்தை நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிறுத்திக் கோலை என் கையில் தந்தாள். தண்ணீருக்கு அடியில் நீளமாக ஒரு மணல்மேடு கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் கழுத்தளவு ஆழம். மேடு வழியே கோலால் குத்திக்கொண்டு போனேன். முழங்காலளவு, முழங்காலளவு, பிறகு ஓரிடத்தில் இடுப்பளவு.

“உதாலதான் வள்ளம் கடக்கும்,” என்றாள். “மேடு வழிய போனா உதுதான் ஆழம் கூடின இடம். மேட்டைக் குறுக்கறுத்துக் கடந்தா உதுதான் ஆழம் குறைஞ்ச இடம். இப்ப சொல்லும், இது மேடோ பள்ளமோ?”

இரண்டும் இல்லை. ஒரு பருவம் முழுவதும் விளங்காதது ஒரு கோல்குத்தில் விளங்கிவிட்டது. இவளைப் போல ஒருத்தி நூறு வருசத்துக்கு ஒருமுறைதான் பிறப்பாள் என்று அந்த வள்ளத்திலேயே முடிவு கட்டினேன்.

திரும்பும்போது ஒன்று சொன்னாள்: “கடல்ல எண் கூடினா ஆழம். கடதாசியில எண் கூடினா உயரம். அதை மட்டும் மாத்திப் போடாதையும்.”

இதெல்லாம் ஒரு புத்திமதியா என்று நினைத்தேன்.

பரீட்சையில் மேடு, பள்ளம், சேணம் என்று நான்கு புள்ளிகளைக் கண்டுபிடித்து மேற்பரப்பைக் கீறச் சொல்லியிருந்தார்கள். இரண்டு சேணப்புள்ளிகளையும் மளமளவென்று கீறினேன். மீதி இரண்டையும் கீறிவிட்டுப் பார்த்தால், பெரிய எண் பள்ளமாகக் கிடக்கிறது, சின்ன எண் மேடாக நிற்கிறது. பரவைக்கடலையே தாளில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அப்போதுதான் அவள் சொன்னது காதில் விழுந்தது. அழிறப்பரை எடுத்து இரண்டையும் மாற்றிக் கீறினேன்.

பாஸ். றிசல்ட் வந்த அன்று பஸ்ஸில் அவள் பக்கத்தில் இருந்து, நான் அந்த இடத்தில் பிழை விடுவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நான் பிழை விட்டது அதிலதான்,” என்றாள். “சின்னனில இருந்து எண் கூடினா ஆழம் எண்டுதானே பழக்கம். பரீட்சை மண்டபத்தால வெளிய வந்தாப்பிறகுதான் விளங்கினது.”

சொல்லிவிட்டு ரிக்கற்றுக்குச் சில்லறை தேடினாள். நான் பஸ்ஸையும் கரும்பலகையையும் திட்டித் திரிந்த நாட்களில், இவள் தன் ஏ தரைதட்டிய இடத்தைக் குறித்துவைத்து, என்னை அதில் தட்டாமல் கடத்தி விட்டிருக்கிறாள்.