சேர்த்து வெட்டிய சட்டை

இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு நாலு பேர் கிளம்பிவிடுவீர்கள். சித்ரகலா என் எதிரில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

சித்ரகலாவுக்குத் திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட். வாரம் முழுக்க மெஷின் சத்தம், ஆர்டர் கொடுக்கும் பையர்களின் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிராவல் சைக்கிள். லாரி வராத, ஹாரன் கேட்காத சரளைத் தடமாகத் தேடிப்பிடித்து ஓட்டுகிற ஒரு சின்னக் கூட்டம் அவர்களுடையது. சைக்கிள் கடை வைத்திருக்கும் செல்வக்குமார், பேங்க் வேலையிலிருக்கும் தரணீதரன், பள்ளிக்கூட டீச்சர் அனிதா, அப்புறம் சித்ரகலா. அந்த ஐப்பசி ஞாயிறு மட்டும் சித்ரகலாவின் மகள் அக்ஷராவும் சேர்ந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்பு. முதல் காட்டுப் பயணம் என்று அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதற்காகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளிப்பச்சைச் சட்டை தைத்திருந்தாள் சித்ரகலா. அக்ஷராவுக்கு மட்டும் சின்ன சைஸ். திருப்பூரில் யாரும் ஆர்டர் கணக்குக்குச் சரியாகத் துணி வெட்ட மாட்டார்கள். ஓட்டை விழும், எண்ணெய்க் கறை படும் என்று ஒன்றிரண்டு பீஸ் சேர்த்தே வெட்டுவார்கள். கட்டிங் மாஸ்டரும் பழக்க தோஷத்தில் ஒரு பீஸ் சேர்த்து வெட்டிவிட்டார். இந்தத் தடவை எதுவும் வீணாகவில்லை. ஒரு சட்டை மிஞ்சிவிட்டது.

செக்கிங் டேபிளில் பிசிர் வெட்டும் ரங்காத்தாள் அதைக் கையில் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“ஏனுங்க அம்மிணி, இதை நான் எடுத்துக்கிட்டுமுங்களா? பையனுக்கு ஆகுமுங்க. சைக்கிள்னா அவனுக்கு உசுரு.”

“தாராளமா எடுத்துக்கங்கக்கா,” என்றாள் சித்ரகலா. அதோடு அதை மறந்தும் போனாள்.

ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி, அவிநாசிபாளையத்தில் டீ குடித்து, தாராபுரம் ரோட்டில் ஓரிடத்தில் காரை நிறுத்தினார்கள். அங்கிருந்து மலையடிவாரத்து வேலங்காட்டுக்குள் தடம் ஏறியது. மயில் அகவுவதைத் தவிர வேறு சத்தமில்லை. டயருக்குக் கீழே சரளைக்கல் நொறுநொறுவென்று பேசிக்கொண்டு வந்தது. இதற்காகத்தானே வாரம் முழுக்க மாடாய் உழைக்கிறோம் என்று சித்ரகலாவுக்கு மனம் நிறைந்திருந்தது.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒற்றைத் தடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவார்கள். முன்னால் போகிற செல்வக்குமார் குழியைப் பார்த்தால் “பள்ளம்!” என்று கத்துவார். பின்னால் வருகிறவர் அதையே கத்துவார். அப்படியே கடைசி ஆள் வரைக்கும் வரும். பள்ளம் என்று காதில் விழுந்தால் யோசிக்கக் கூடாது, பிரேக்கைப் பிடிக்க வேண்டும். கடைசி ஆள் “சரீங்க!” என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்டுவிட்டது, பின்னால் இனி யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

கடைசி ஆள் எப்போதுமே சித்ரகலாதான். யாரையும் விட்டுவிடாமல் வீடு சேர்ப்பது அவள் பொறுப்பு.

“அம்மா, வழி தெரியாமப் போயிட்டா?” என்று கேட்டாள் அக்ஷரா.

“வழியப் பாக்காத கண்ணு. முன்னால போற பச்சைச் சட்டையப் பாத்துட்டே வா. போதும்.”

இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அவள் சபித்துக்கொண்டிருக்கிறாள்.

தரணீதரனுக்கு இரண்டு தடவை பஞ்சர். ஒட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலையைச் சுற்றிக்கொண்டு தடம் அமராவதி ஆற்றுப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. மயில் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பள்ளம்!” செல்வக்குமார் குரல்.

“பள்ளம்!” தரணீதரன். “பள்ளம்!” அனிதா. “பள்ளம்!” அக்ஷரா.

“சரீங்க!” என்றாள் சித்ரகலா.

“சரீங்க!”

பின்னாலிருந்து.

வாலிபப் பையன் குரல். எதிரொலியாக இருக்கும், மலை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எதிரொலிக்கு ஆண் குரல் எப்படி வரும்? திரும்பிப் பார்த்தாள். வெறும் தடம். அவர்கள் கிளப்பிய புழுதி மட்டும் வெயிலில் நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு சத்தம். மட்கார்டு ஆடுகிற சத்தம்... கடகட... கடகட. அவர்கள் யாருடைய சைக்கிளிலும் மட்கார்டு கிடையாது.

“டிரிங்... டிரிங்...”

பெல்லும் கிடையாது.

வழி விடச் சொல்கிறார்களோ என்று, பழக்கத்தில் சைக்கிளை ஓரம் ஒதுக்கினாள். யாரும் தாண்டிப் போகவில்லை. ஆனால் கன்னத்தில் சில்லென்று ஒரு காற்று பட்டது. சேற்று வாடை அடித்தது. அந்த உச்சி வெயிலிலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கடைசி ஆளுக்கு முன்னால் எத்தனை முதுகு தெரிய வேண்டும்? நாலு. திரும்ப எண்ணினாள்.

ஐந்து.

அக்ஷராவுக்கு முன்னால் புதிதாக ஒரு கிளிப்பச்சைச் சட்டை. முதுகோடு ஒட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மற்ற எல்லோருக்கும் பின்னால் புழுதி எழும்பியது. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் எழும்பவில்லை.

“அக்ஷரா!”

திரும்பவில்லை.

தடம் ஒரு பனை மரத்தைச் சுற்றி வளைந்தது. எல்லோரும் மறைந்தார்கள். சித்ரகலா உயிரைக் கொடுத்து மிதித்தாள். வளைவைத் தாண்டினால் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஆற்றங்கரையோடு போகும் தடம். அதில்தான் போவதாகப் பேச்சு. அதில் புழுதி இன்னும் அடங்கவில்லை.

வலது பக்கம் தரைப்பாலத்துக்கு இறக்கம்.

மேலே அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். பாலமே கண்ணுக்குத் தெரியவில்லை. செந்நிறமாக ஆறு சுருட்டிக்கொண்டு ஓடியது.

அக்ஷரா வலது பக்கம் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முன்னால் அந்தப் பச்சைச் சட்டை தண்ணீருக்குள் போனது. நிதானமாக... தரையில் போவது போல. தண்ணீர் விலகவில்லை. அலை எழவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி... வா, வா என்று அசைத்தது.

“அக்ஷரா! நில்லு கண்ணு!”

கேட்கவில்லை.

“நில்லுடி!”

கேட்கவில்லை.

இன்னும் பத்தடி. சித்ரகலாவின் தொண்டையிலிருந்து தானாக வந்தது அந்தச் சொல்.

“பள்ளம்!”

கிரீச்...

காலையிலிருந்து பழகிய பழக்கத்தில் பிள்ளையின் விரல் பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்சக்கரம் வழுக்கிச் சரளையில் விழுந்தாள். செருப்பளவு தூரத்தில் ஆறு.



அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து...

“சரீங்க...”

ஆற்றில் யாருமில்லை.

சித்ரகலா மகளைத் தரதரவென்று மேலே இழுத்து வந்தாள். முழங்கால் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. அக்ஷரா தூங்கி எழுந்தவள் மாதிரி விழித்தாள்.

“தரணி மாமா ஆத்துக்கு அக்கட்டால போயிட்டாரும்மா. என்னையும் வரச் சொன்னாரு.”

கரைத் தடத்தில் எதிரே தரணீதரன் அவர்களைத் தேடிக்கொண்டு வந்தான். “என்னாச்சுங்கக்கா? ரொம்ப நேரமா ஆளையே காணோம்?”

அவன் சட்டை காய்ந்து, புழுதி அப்பியிருந்தது. அக்ஷரா அவனையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சித்ரகலா இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் யூனிட்டுக்குப் போனாள். வேலையில் மூழ்கினால் மறந்துவிடலாம் என்று நினைத்தாள். மதியம் ரங்காத்தாள் டேபிளுக்கு வந்து நின்றாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“உங்களுக்குப் புண்ணியமுங்க அம்மிணி. சட்டை பையனுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க.”

“அளவு சரியா இருந்துதாக்கா?” ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

“அது எங்கீங்க தெரியுது? அவன் போயி வருசம் பல ஆச்சுங்களே. ஆத்துல வெள்ளம் வந்தப்ப தரைப்பாலத்துல சைக்கிளோட எறங்கிட்டானுங்க. ஒடம்புகூடக் கெடைக்கல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவன் போன நாள்ல புதுத்துணி வெச்சுக் கும்புட்டு, அந்த எடத்துலயே ஆத்துல உடறது வழக்கமுங்க. எப்பவும் வேட்டிதானுங்க. இந்த வாட்டி உங்க சட்டைய வெச்சேன். சனிக்கெழமை சாயந்தரம் உட்டுட்டு வந்தனுங்க.”

சித்ரகலா கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தாள்.

“ராத்திரி கெனாவுல வந்தானுங்க, அதே சட்டையோட. இத்தனை வருசத்துல நேத்துத்தான் அவன் சிரிச்சுப் பாத்தேன்.” ரங்காத்தாள் தயங்கினாள். “இன்னொண்ணு கேக்கறானுங்க அம்மிணி. துணி மிச்சம் இருந்தா தெச்சுக் குடுப்பீங்களா?”

“...இன்னொண்ணா?”

“ஆமாங்க. எதுக்குன்னுதான் எனக்கு வெளங்கல. சின்ன சைஸா வேணுமாமுங்க.”