பால் சிந்தாத சைக்கிள்

பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், கழித்துவிட்ட இரும்பில் உழவு மெசின் இழுக்கும் பெட்டி: எல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் என் ஊர் நாரந்தனையில் செய்தவை. இப்போது நெடுந்தீவில் நிற்கிறேன். பால் விற்கும் மேரிக்கு நான் செய்துகொடுத்த சைக்கிளைப் பார்க்க வந்திருக்கிறேன். கல்லு ரோட்டில் பால் சிந்தாமலிருக்க, பின்சில்லு தனி இரும்புக் கையொன்றில் மேலும் கீழும் ஆடும். அதைத் தாங்க அவளுடைய மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கையே மாட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள்!

“என்ன பிள்ளை இது?”

“மிதிக்க மிதிக்கக் குந்துது அண்ணை. கல்லு ரோட்டைவிட உங்கட ஸ்பிரிங்தான் கூடப் பாலை ஊத்துது.”

குனிந்து பார்க்கிறேன். அந்த இரும்புக் கையைப் பிடித்திருக்கும் போல்ட் சங்கிலிக்குக் கீழே இருக்கிறது. மிதிக்கும்போது சங்கிலி இழுக்க, ஸ்பிரிங் அமுங்குகிறது. நல்லகாலம், மேலேயும் ஓர் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். போல்ட்டை அங்கே மாற்றிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கிறேன்.

நிறைந்த பால் கானைப் பின்னால் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குச் சைக்கிளை மிதிக்கிறாள். நான் நடந்து போய்ச் சேர்கிறேன். படகுக்காரர் கானின் மூடியைத் திறக்கிறார். விளிம்புவரை பால்.

“வெளிநாட்டுச் சைக்கிளோ அக்கா?”

“ஓம், மகன் அனுப்பினவன்.”

“ஸ்பிரிங் மட்டுந்தான் மகன் அனுப்பினது, பிள்ளை. சைக்கிள் என்ர வேலை. சைக்கிள் பாரில என்ர பேரைப் பெரிசா எழுதும். நாரந்தனை எண்டும் போடும்.”