முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

பக்கத்து அறையிலிருந்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலாளி பெரியசாமிக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் தட்டுவார். கோகிலவாணியின் விரல்கள் விசைப்பலகையில் உறைந்தன.

நாமக்கல்லில் அந்த முட்டைக் கம்பெனிக்குக் கைக்குழந்தையோடு, கணவனை இழந்து வந்தவள் அவள். டைப்பிஸ்ட்டாக நுழைந்து, இருபத்திரண்டு வருடத்தில் கம்ப்யூட்டர் பிரிவையே தனியாளாகத் தாங்குகிறாள்.

முந்தின நாள் டேட்டாபேஸைப் புதிதாக மாற்றியதும் பழைய கணினிப் படிவம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. தீவனம், பண்ணை, லோடு சீட்டு என்று முந்நூற்றுப் பன்னிரண்டையும் புது டேட்டாபேஸுக்குப் பொருந்தும்படி மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். சேலத்திலிருந்து வந்த நிபுணர் ஜெர்ரி, ஒவ்வொன்றாகத் திறந்து செய்ய நான்கு நாள் கேட்டார். கோகிலவாணி மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் முடிப்பதாகச் சொன்னாள். முடியாவிட்டால் பிரிவே ஜெர்ரி கைக்குப் போய்விடும் என்றார் முதலாளி.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் ஆரம்பிக்கச் சொல்லி முதலாளியிடமிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. படிவங்களின் பட்டியலை வரிசையாக எடுத்துக் கம்பைல் செய்யும் கட்டளைக் கோப்பை அவசரமாக எழுதி ஓட்டினாள். கறுப்புத் திரையில் வரிகள் பாய்ந்தன. அத்தனையும் தோல்வி. அதைக் கேட்டுத்தான் பக்கத்து அறையில் மேசை அதிர்ந்தது.

கண்ணீர் மறைத்த கண்ணோடு பிழைப் பதிவைப் படித்தாள். எல்லாப் படிவமும் ஒரே குறையைச் சொன்னது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிரல் நூலகத்தை முதலில் கம்பைல் செய்திருக்க வேண்டும். நேரத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டாள்.

நூலகத்தை முதலில் கம்பைல் செய்யச் சொல்லி, கோப்பின் தலையில் இரண்டு வரி சேர்த்தாள். அதற்குள் மணி பத்தே முக்கால். முதலாளி வாசலில் நின்று, ராகு காலம் முடியட்டும் என்றார். பின்னால் ஜெர்ரி சிரித்தார். முடிவது பன்னிரண்டுக்கு, அவள் கெடுவும் அதுதான்.

"நல்ல நேரத்துலயே ஆரம்பிச்சாச்சுங்க. இப்ப ஓட்டறது தொடர்ச்சிதானுங்க," என்று பொத்தானைத் தட்டினாள்.

பதினொன்றரைக்குத் திரை ஓய்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டும் வெற்றி. லோடு பிரிவு எழுத்தர் இலக்கியா படிவத்தைத் திறந்து, கேரளா வண்டிக்குச் சீட்டு அடித்து எடுத்து வந்தாள். முதலாளி அதை இருமுறை படித்தார்.

"அம்மிணி, இந்த ரூம்புக்கு இனி நாந்தான் அனுமதி கேட்டுட்டு வரோணும்," என்றார்.

கோகிலவாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பையை எடுத்த ஜெர்ரி, தயங்கி நின்று, அந்தக் கட்டளைக் கோப்பின் பிரதி ஒன்றைக் கேட்டார். மறுக்காமல் கொடுத்தாள்.

"நூலகம் மொதல்லங்க. அப்புறந்தான் படிவம்."

அவர் தலையாட்டிவிட்டு வெளியேற, கதவு சாத்திக்கொண்டது.