ராஜாவை நம்பியவன்

எங்கள் வீட்டு மாடியறைக்கு அவன் குடிவந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் கடைசி. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. அம்மா வேலை பார்த்த பள்ளியிலேயே எனக்கும் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. அப்பா குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். யூனியன் ஆள். ஞாயிற்றுக்கிழமை எங்களுடன் சர்ச்சுக்கு வந்து பாட்டெல்லாம் பாடுவார். பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார்.

அவன் தாம்பரத்தில் கல்லூரியில் தாவரவியல் படிக்க வந்தவன். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. அவனுடைய நாடு இமயமலைக்குள் இருக்கும் ஒரு சின்ன ராஜ்யம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாட்டை யாராவது குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

அவன் எங்களோடு பேசியது தமிழ்தான், ஆனால் அது கல்லூரி வாசல் டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கற்றுக்கொண்ட தமிழ். குடிவந்து சில மாதம் கழித்து ஒரு காலையில் அம்மாவிடம், "இன்னா ஆன்ட்டி, தண்ணி வந்துகினு கீதா?" என்று கேட்டான். சின்னக் கண்களோடு இருந்த அந்தச் சிவந்த முகத்திலிருந்து இந்தப் பேச்சு வந்ததில் அம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். யாரும் அவனைத் திருத்தவில்லை. திருத்த மனம் வரவில்லை.

அவன் அறைச் சுவரில் அவர்கள் ராஜாவின் படம் இருந்தது. இளவயது ராஜா. அப்பாவுக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது.

"ஏன் தம்பி, இந்தக் காலத்துல போய் ராஜாவா? வெள்ளைக்காரனே போயிட்டான். நீங்க இன்னும் ஒருத்தர் முன்னாடி குனிஞ்சு நிக்கிறீங்களே."

"எங்க ராஜா அப்டி இல்ல சார். எங்க ஊருக்கு ரோடு இல்ல. நடந்தே வந்தாரு. எங்க தோட்டத்துல குந்தினு ஆரஞ்சு துன்னாரு. எங்கப்பா தோளுல கை போட்டாரு. என்ன படிக்க அனுப்பிச்சதே அவரு காசுதான்."

"சரி, இவர் நல்லவர். இவர் பையன் எப்படி இருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

"இவரோட அப்பா காலத்துல ஸ்கூலே கம்மி சார். இவரு வந்து ஊருக்கு ஊரு ஸ்கூலு போட்டாரு. இவரே ஒரு நாளு அதிகாரத்த மந்திரிங்க கைல குட்த்துருவாரு. அவரு புள்ள வந்தாருன்னா பாருங்க, ஓட்டுப் போடுங்கடான்னு ஜனங்களாண்ட குட்த்துட்டு ஓரமா குந்திக்குவாரு."

அப்பா கடகடவென்று சிரிப்பார். "எந்த ராஜாய்யா தானா எறங்கி வந்திருக்கான்? புடுங்கினாத்தான் உண்டு."

"நீங்க பாப்பீங்க சார்" என்பான் அவன். கோபமே வராது. இந்தச் சண்டை வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும், அம்மா இருவருக்கும் காபி கொண்டுவந்து வைக்கும்வரை.

அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்த நாட்டில் ராஜாவின் ஜனங்கள் வடக்கே உயரமான மலைகளில் இருப்பவர்கள். இவன் குடும்பம் தெற்கு அடிவாரத்தில் இருந்தது. மொழி வேறு, சாமி வேறு. பல தலைமுறைக்கு முன்னால் வந்து காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள். "அப்போ நீங்க அங்க வந்தேறிங்களா?" என்று அப்பா விளையாட்டாகக் கேட்டார். "அப்டி யாரும் சொன்னது இல்ல சார்" என்றான் அவன்.

எனக்கும் அவனுக்கும் நடுவே என்ன வளர்ந்தது என்பதை விரிவாகச் சொல்ல எனக்குக் கூச்சம். விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்துக்கு அவன் எப்படியோ பஸ் ஸ்டாப்பில் இருப்பான். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை அவனுக்கு மலை பார்க்க வேண்டும் போலிருந்தது. நானும் என் பள்ளித்தோழி ஒருத்தியும் அவனைக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். மேலே போய்ச் சேர்ந்ததும், "மல எங்க?" என்று கேட்டான். இதுதான் மலை என்றேன். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தோழி பிரசாதம் வாங்கப் போயிருந்தாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "படிப்பு முடிஞ்சதும் எனக்கு கவர்மெண்டு வேல வரும் டீச்சர். அப்போ வந்து சார்கிட்ட கேக்கறேன். நீ வருவியா?"

"ரொம்பக் குளிருமா?" என்றேன். அதைத்தான் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். சரியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

தொண்ணூறில் அவன் ஊரிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. தெற்கில் இருப்பவர்கள் வீட்டில்கூட ராஜாவின் இனத்து உடையைத்தான் உடுத்த வேண்டும் என்று உத்தரவு. பள்ளிகளில் அவர்கள் மொழியை நிறுத்தினார்கள். பிறகு குடிமக்கள் யார் என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அவன் மாமா ஒருவர் ஊர்வலத்தில் போனார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். கல்லூரிக்கு அவனுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றது.

அப்பா மாடியேறி வாதம் செய்வதை விட்டுவிட்டார். அவன்தான் தானாகக் கீழே வந்து பேசுவான். "ராஜாவுக்குத் தெரியாது சார். கீழ கீற ஆபீசருங்க பண்றது. தெரிஞ்சா உடமாட்டாரு." அப்பா தலையை மட்டும் ஆட்டுவார். அப்பா எதிர்த்துப் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் நான் அவனோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் அவன் அண்ணன் ஒரு கடையில் போனுக்காகக் காத்திருந்தான். கண்ணாடிக் கதவுக்குள் அவன் நிறையப் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தான். வெளியே வந்து பூத்துக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடை வாசலில் இருந்த சோடா கிரேட்டின் மேல் உட்கார்ந்தான்.

"வூட்ட உட்டு வெளிய அனுப்பிட்டாங்க. எல்லாரையும்."

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவன் சொன்னது நினைவிருக்கிறது.

"நாங்களா விருப்பப்பட்டு நாட்ட உட்டு போறோம்னு எங்கப்பாவாண்ட கையெழுத்து வாங்கிகினாங்களாம். அப்புறம் போட்டோ எடுத்தாங்களாம். சிரிக்கச் சொன்னாங்களாம் டீச்சர். எங்கப்பா பல்ல காட்டினு நின்னாராம்."

கடைக்காரர் சோடா வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

மறுநாளே அவன் கிளம்பினான். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது; எழுதிவிட்டுப் போ என்று அம்மா கெஞ்சினாள். "எழுதி இன்னா ஆன்ட்டி? எந்த ஊர்ல போயி வேல கேக்கறது?" என்றான். சுவரிலிருந்த ராஜாவின் படத்தை எடுத்துத் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டான். அப்பா அதைப் பார்த்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன்வரை எங்கள் முன்னால் நடந்தார்.

மின்சார ரயில் வந்து நின்றபோது அவன் என்னிடம், "நீ காத்துகினு இருக்காத" என்றான்.

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவன் கையைத் தொடக்கூட முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே நின்றார்.

நான் காத்திருந்தேன். வரன்கள் வந்தன, ஏதோ சாக்குச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும், அவள் அப்பாவிடம் சமாளித்தாள். அவன் ஊர்ப்பக்கத்திலிருந்தே வந்து அவனோடு கல்லூரியில் படித்த வேறொரு பையன் ஒரு நாள் வீடு தேடி வந்தான். அவர்கள் எல்லோரும் அடுத்த நாட்டில் ஒரு ஆற்றோரம் மூங்கில் குடிசைகளில் அகதிகளாக இருக்கிறார்கள் என்றான். முதல் மழையில் அவன் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அவன் முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று வந்தவன் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காபியைக் குடித்தான். அடுத்து வந்த வரனுக்கு நான் சரி என்றேன். குரோம்பேட்டை பக்கத்தில் அஸ்தினாபுரத்துக்கு வாழப்போனேன். என் கணவர் நல்லவர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அம்மா என் பள்ளிக்குப் போன் செய்தாள். "வந்திருக்கான். நீ வர்றியா?"

முகாம் ஆசிரியர்களுக்குச் சென்னையில் ஏதோ பயிற்சியாம். நான் போய்ச் சேர்ந்தபோது அவனும் அப்பாவும் ஹாலில் இருந்தார்கள். அவனுக்கு முன்தலையில் முடி கொட்டியிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. அப்பாவுக்கு அப்போது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, பேச்சு குழறும். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா கேட்டார்: "உங்க ராஜா... அதிகாரத்த மந்திரிங்ககிட்ட குடுத்துட்டாராமே. பேப்பர்ல பார்த்தேன்."

அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை.

"ஆமா சார்! நான் அப்பவே சொன்னேன் இல்ல? யாரும் புடுங்கல சார். தானா குட்த்தாரு. இன்னும் பாருங்க, புள்ள பட்டத்துக்கு வந்தா எலெக்சனே வரும்."

அப்பாவின் நல்ல கை நாற்காலிக் கையைத் தட்டியது. "உன்ன வெளிய தள்ளினவன்யா அவன்!"

"தெரியும் சார்" என்றான் அவன். பழைய மாதிரி ஆபீசர்கள் மேல் பழியைப் போடவில்லை. "எல்லாம் அவருக்கு தெரிஞ்சேதான் நடந்துச்சு. ஆனா அதிகாரத்த குட்த்துருவாருன்னு நான் சொன்னதும் பொய் இல்லயே சார். குட்த்துட்டாரு. ஓட்டுப் போடத்தான் நாங்க அங்க இல்ல."

அப்பா அழுதார். வாதம் வந்த பிறகு அவருக்குச் சட்டென்று அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அது வியாதி இல்லை. அவன் தன் கைக்குட்டையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டான்.

சாயங்காலம் நானும் அவனும் கேம்ப் ரோட்டுக்கு நடந்தோம். அவன் தாம்பரம் போக வேண்டும், நான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஆனாலும் அவன் பக்கத்திலேயே நின்றேன்.

"உனக்கு பொண்ணா பையனா?"

"பொண்ணு. உனக்கு?"

"ரெண்டு பசங்க. முகாம்லயே பொறந்தவங்க. எங்க ஊரு எப்டி இருக்கும்னு கேக்கறாங்க. சொல்லிகினே கீறேன்."

பஸ் வந்தது. கூட்டம். படியில் ஒரு கால் வைத்துத் தொற்றிக்கொண்டான். என்னைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு இடமில்லை.

ரோட்டைக் கடந்து என் ஸ்டாப்பில் நின்றேன். முதலில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன், அழுத முகத்தோடு ஏற முடியாது என்பதால். வீட்டுக்குப் போனதும் கணவர் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பஸ் கிடைக்கவில்லை என்றேன். மகளுக்குச் சோறு பிசைய உட்கார்ந்தேன்.