சிலந்தி தோல் உரித்த சனிக்கிழமை

பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறி நிற்கும் அம்மா, உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள எப்படிச் சம்மதித்தாள் என்பது எனக்கு அப்போது பெரிய புதிர். எனக்கு ஒன்பது வயது. அடையாற்றில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் முதல் மாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அண்ணன் என்னைவிட ரொம்பப் பெரியவன். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டுப் பரீட்சை எழுதி, மார்க் போதாமல் ஒரு வருடம் வீட்டிலிருந்தே படித்து, மறுபடி இம்ப்ரூவ்மென்ட் எழுதியிருந்தான். அதிலும் இடம் கிடைக்கவில்லை.

ரிசல்ட் வந்த பிறகு அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்ப்பான், எழுந்து போய்விடுவான். அதே வாரம் பக்கத்துத் தெருவில், அவனோடு டியூஷன் படித்த ஒரு பையனின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாணமா என்று கேட்டேன். அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

அப்படி இருந்தவன் ஒரு நாள் பாலவாக்கத்திலிருந்து பழைய பெயின்ட் டப்பா ஒன்றோடு வந்து நின்றான். சிநேகிதன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சவுக்குத் தோப்பு மண்ணிலிருந்து அந்தச் சிலந்தி வெளியே வந்ததாம். ஆட்கள் கடப்பாரையால் நசுக்கப் போனார்களாம்.

"டாரன்டுலாம்மா. நம்ம வீட்ல வச்சுக்கட்டுமா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. அம்மா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. "வச்சுக்கோடா," என்றாள்.

பரணிலிருந்து பழைய மீன்தொட்டி இறங்கியது. அதில் மணல், அரைக் கொட்டாங்குச்சி, ஒரு மூடியில் தண்ணீர். மேலே வலை, வலை மேல் கனமான டிக்ஷனரி. உள்ளே அது. உடம்பெல்லாம் பழுப்பு மயிர், கால்கள் என் விரல்களைவிடத் தடிமன். நான் தொட்டி இருந்த அறைப்பக்கமே போகாமல் இருக்கப் பார்த்தேன். படுத்தால் காலை மடக்கிப் போர்வைக்குள் சுருட்டிக்கொள்வேன். பள்ளிக்கூட ஷூவைத் தட்டிப் பார்க்காமல் போட மாட்டேன். அம்மாவும் பயந்துதான் இருந்தாள் என்று நினைத்தேன். அடுப்படியில் இருந்துகொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை "டேய், என்னடா பண்றே?" என்று குரல் கொடுப்பாள். அவன் "இங்கதாம்மா இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் கரண்டி சத்தம் மறுபடி கேட்கும். அவன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே துண்டை வைத்துக்கொண்டு நிற்பாள். சிலந்தி குளியலறைக்குள் போய்விடும் என்ற பயம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு இரை பிடிக்க அண்ணன் தினமும் சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் இருந்த காலி மனைக்குப் போவான். "நீயும் கூடப் போ. அவனைத் தனியா விட்டுட்டு வரக் கூடாது," என்று அம்மா என்னைத் தள்ளிவிடுவாள். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடுவேன்.

பூச்சி பிடிப்பதில் அவனுக்கு எக்கச்சக்கக் கட்டுப்பாடு. வீட்டுக் கரப்பான்பூச்சி கூடவே கூடாது. "அது மருந்தைத் தின்னுட்டு நடந்துக்கிட்டு இருக்கும்டி. அதைப் பிடிச்சுப் போட்டா இதுவும் செத்துடும்." கார்ப்பரேஷன் ஆட்கள் மருந்தடிக்கும் சாக்கடை ஓரத்துக்கும் போகக் கூடாது. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக அழகாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளிக்கு ஆசைப்பட்டு நான் கையை நீட்டியபோது, "அது உடம்பெல்லாம் விஷம்" என்று இழுத்துவிட்டான். எறும்பு வேண்டாம், கம்பளிப்பூச்சி வேண்டாம், சிலந்தியின் வயிற்றைவிடப் பெரியது எதுவும் வேண்டாம். பிடித்ததையும் உடனே போட்டுவிட மாட்டான். புல்லோடு பாட்டிலில் ஒரு நாள் வைத்திருந்து, சாகாமல் துள்ளிக்கொண்டிருந்தால்தான் தொட்டிக்குள் போகும். தின்னாமல் விட்டதைக் காலையில் எடுத்துவிடுவான். இதையெல்லாம் சொல்லும்போது மட்டும் அவன் பழைய அண்ணனாக இருந்தான்.

பிறகு சிலந்தி சாப்பிடுவதை நிறுத்தியது. வெட்டுக்கிளி போட்டான், தொடவில்லை. வேறு போட்டான், அதையும் காலால் தள்ளியது. கொட்டாங்குச்சிக்கு அடியில் அசையாமல் கிடந்தது. அண்ணனும் தட்டைத் தொடுவதை மறுபடி நிறுத்தினான். தொட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவின் குரல் இப்போது அடிக்கடி கேட்டது. அவன் பதில் வருவதற்கு நேரமானது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அப்பா ஆபீசில் இருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் லேட்டாக எழுந்து தொட்டிப்பக்கம் போனது தெரிந்தது. அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே.

"மருந்து பட்டதைத்தான் போட்டிருக்கேன்," என்றான், என்னைப் பார்க்காமல். பிறகு மெதுவாக, "நான் தொட்டது எதுவுமே உருப்படாது." சட்டையை மாட்டினான். செருப்புப் போடாமல் படியிறங்கினான்.

அம்மா துணி உலர்த்திவிட்டு மொட்டை மாடியிலிருந்து வந்தாள். "அண்ணன் எங்கடி?"

"சிலந்தி செத்துப்போச்சும்மா. வெளியே போயிட்டான்."

அம்மாவின் கையிலிருந்த வாளி உருண்டு போனது. "என்ன சொன்னான்? போறதுக்கு முன்னாடி என்ன சொன்னான்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. அவன் வந்தா மட்டும் திற." கீழ் வீட்டில் போன் இருந்தது, அம்மா அதில் அப்பாவோடு பேசுவது மாடிவரை கேட்டது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும்தான். அப்புறம் கேட் திறக்கும் சத்தம். பால்கனியிலிருந்து பார்த்தபோது அம்மா வெறுங்காலோடு ஆற்றுப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு பூச்சிக்காக இவ்வளவா என்று நினைத்தேன்.

வீட்டில் நானும் செத்த சிலந்தியும் மட்டும். அறைக் கதவைச் சாத்திவிடலாம் என்று போனேன். அப்போதுதான் பார்த்தேன், முந்தின நாள் போட்ட சுவர்க்கோழிப் பூச்சி ஒன்று தொட்டிக்குள்ளேயே இருந்தது. காலையில் அதை எடுக்காமல் தூங்கியிருக்கிறான். அது சிலந்தியின் மேல் ஏறி, காலின் மூட்டில் வாயை வைத்துக் கொறிக்க ஆரம்பித்திருந்தது. சிலந்தியின் கால் லேசாகத் துடித்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. செத்தது துடிக்குமா? கதவைச் சாத்திக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. ஆனால் அண்ணன் திரும்பி வந்து பாதி தின்ற சிலந்தியைப் பார்த்தால் என்ன ஆவான் என்றும் தோன்றியது. அவன் பள்ளியில் வைத்திருந்த விலங்கியல் பெட்டியிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தேன். டிக்ஷனரியை இறக்கி, வலையைத் தூக்கி, கையை உள்ளே விட்டேன். அழுதுகொண்டேதான் விட்டேன். அந்த மயிர்க்கால்கள் என் மணிக்கட்டை உரசும் தூரத்தில் இருந்தன. சுவர்க்கோழி தாவியது, மறுபடி ஏறியது. கடைசியில் இடுக்கியில் அகப்பட்டபோது அதை இடுக்கியோடு சேர்த்துச் சுவரில் விட்டெறிந்துவிட்டு வலையை மூடினேன்.

மூடிவிட்டு நிமிர்ந்தால், சிலந்தியின் உடம்பு பிளந்திருந்தது. அதற்குள்ளிருந்து வெளுத்த, ஈரமான இன்னொரு சிலந்தி காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளியே வந்தது. கடிக்கும் பற்கள்கூட வெள்ளை. அது பேய்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பால்கனிக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட ஆளில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ, அண்ணன் தெருமுனையில் தெரிந்தான். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஆற்றோரக் குடிசையில் இருப்பவள், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் அம்மா. மாடிக்கு வந்தும் அந்த அக்கா கையை விடவில்லை.

"ஆத்தாண்ட குந்திக்கினு இருந்துச்சும்மா. இன்னா தம்பி, இங்க இன்னா பண்றேன்னு கேக்கறேன், காதுலயே வாங்கல. அதான் இஸ்துக்கினு வந்தேன்."

அம்மா அண்ணன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். உடனே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"அண்ணா, செத்ததுக்குள்ளேர்ந்து இன்னொண்ணு வருது!"

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு உள்ளே ஓடி, தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். வெளுத்த சிலந்தி தன் பழைய தோலுக்குப் பக்கத்தில் களைத்துப்போய்க் கிடந்தது.

"தோல் உரிச்சிருக்குடி," என்றான். "சாகலை. இதுக்குத்தான் சாப்பிடாம இருந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சே." சட்டென்று நிமிர்ந்து, "சுவர்க்கோழி எங்க?" என்றான்.

"நான் எடுத்துட்டேன்."

"நீயா?" என்னையே பார்த்தான். "எடுக்கலைன்னா தின்னே தீர்த்திருக்கும். இந்த நேரத்துல இதால எதிர்க்க முடியாது." அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலில் எதுவோ குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

சற்று நேரத்தில் அப்பா வந்தார், ஆட்டோவில். பஸ்ஸுக்கு மணிக்கணக்காக நின்றாலும் நிற்பாரே தவிர ஆட்டோ பிடிக்காத மனிதர். மேலே வந்து அம்மாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ஆபீஸ் பேன்டோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிலந்தி வந்த நாளிலிருந்து அவர் அதைப் பார்த்ததே கிடையாது. இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்ப இதுக்கு என்ன சாப்பாடு போடணும்?"

"இப்ப ஒண்ணும் போடக் கூடாதுப்பா. பல்லு கெட்டியாகணும். கொஞ்ச நாள் சும்மா விட்டுடணும்."

"சரி, சும்மா விடுவோம்," என்றார் அப்பா. "அப்புறம்?"

"அப்புறம் பூச்சி பிடிக்கணும்."

"நானும் வரேன்."

சொன்னபடியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலி மனையில் வெட்டுக்கிளிக்குப் பின்னால் அவர் தத்தித் தத்தி ஓடியதைப் பார்த்து அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த வருடக் கடைசிக்குள் அவன் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தான். அதெல்லாம் பிறகு நடந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். மூட்டைப்பூச்சி மருந்து, எலி மருந்து, கரப்பானுக்குத் தெளிப்பது எல்லாம் பைக்குள் போயின. அலமாரியிலிருந்து அம்மாவின் தூக்க மாத்திரைகளையும் எடுத்துப் போட்டார்.

"மாத்திரை எதுக்குப்பா?"

"பூச்சிக்கு அதுவும் ஆகாது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணன் சொன்ன கட்டுப்பாட்டை அப்பாவும் கடைப்பிடிக்கிறார். நானும் உதவலாம் என்று சமையல் மேடைக்கு அடியில் நுழைந்து தேடினேன். சாக்குக்குப் பின்னால் எல்லோரும் மறந்துபோன மூட்டைப்பூச்சி மருந்து பாட்டில் இன்னொன்று, பாதிக்கு மேல் நிறைந்து இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு என் தலைமேல் கையை வைத்திருந்தார். பிறகு பாட்டிலின் மூடியை இறுக்கினார், மறுபடி இறுக்கினார். மருந்து சிலந்தி மேல் சிந்திவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். "எங்க அப்பாவுக்கு எங்க சிலந்தின்னா உயிரு. அது செத்துப்போச்சுன்னு போன் போனதும், ஆபீஸைப் பாதியில விட்டுட்டு ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தார் தெரியுமா?"