சென்னியப்பன் சொன்ன கூட்டம்

சென்னியப்பனுக்கும் எனக்கும் ஒரே வயசு. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் அவன் டிரில்லர், நான் டிரைவர். அவன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் அதற்கும் கீழே. போர் போடுகிற வேலை எங்களைச் சத்தீஸ்கர் வரைக்கும் கொண்டுபோனது. வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் பிழைப்பு.

அங்கே எங்கள் எல்லோருக்கும் ஒரே பேர்தான், மதராசி. ஆனால் அந்த ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சில கிராமங்களில் குடிக்கத் தண்ணி கொடுக்கும் முன்னால் என்ன சாதி என்பார்கள். சென்னியப்பனுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு. "நாங்க அத்தனை பேரும் மதராசி சாதி. தண்ணி குடுத்தாக் குடிப்போம், குடுக்கலைன்னா பூமியப் பொளந்து குடிப்போம்" என்பான். கேட்டவன் சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டிவிடுவான்.

வண்டியில் சமையல் காளியப்பன். வாழப்பாடிப் பக்கத்து ஆள், எங்களைவிட இளையவன். ஜக்தல்பூரில் சென்னியப்பன் மலேரியாவில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியதும் வாந்தி அள்ளியதும் அவன்தான். "எங்கூடப் பொறந்தவன் இப்பிடிப் பாத்துக்குவானாடா?" என்று சென்னியப்பன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான். ஊர் என்றால் சத்தீஸ்கர். இங்கே அல்ல.

போன ஆனியில் சென்னியப்பன் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனது. முதலாளியிடம் கேட்டு எங்கள் வண்டியையே கொண்டுவந்து போர் போட்டான். மத்தியானத்துக்குள் தண்ணி பீச்சியடித்தது. சென்னியப்பன் சேற்றோடு காளியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினான். காளியப்பன் அடுப்புப் பற்றவைக்கப் போனபோது தடுத்தான். "எங்க ஊட்டுக்கு வந்து நீ ஏன்டா அடுப்புல வேகறே? இன்னிக்கு உக்காந்து தின்னு."

தகரக் கொட்டகைக்குள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். சென்னியப்பன் பொண்டாட்டி சௌந்திரம் பரிமாறினாள். அவளுடைய பெரியப்பன் கைலாசமும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுசர்தான், வாய் சும்மா இருக்காது.

முதலில் என்னிடம் ஆரம்பித்தார். "தம்பி என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கத்துக் கவுண்டர்கள் ஓர் ஆளை அளக்கிற கேள்வி அது. இன்ன வம்சம் என்பதற்குக் கூட்டம் என்று பேர். சொல்லத் தெரிந்தவன் உள்ளே, தெரியாதவன் வெளியே. எனக்கு உண்டு, டக்கென்று சொன்னேன். பக்கத்தில் எங்களோடு வந்த சத்தீஸ்கர்க்காரன் சுக்ராம். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இது இந்திக்காரனா? சாப்புடு சாமி, கூச்சப்படாதே." அவ்வளவுதான். அவன் என்ன சாதியோ, யார் கண்டது? நிம்மதியாகத் தின்றான்.

அடுத்தது காளியப்பன். அவன் வாயைத் திறக்கும் முன் சென்னியப்பன் முந்திக்கொண்டான்.

"நம்மாளுதானுங் மாமா. பவளங் கூட்டம்."

பெரியவருக்கு முகமெல்லாம் பல். "அட, எங்கம்மா பொறந்த கூட்டமல்ல அது! அப்ப எனக்கு மாமன் மொறை ஆகுதே! சௌந்திரம், மாமனுக்கு நெய்ய ஊத்தாயா!"

நெய் ஊற்றினாள். காளியப்பன் பிசையவில்லை.

"குலதெய்வம் எந்தூர்லீங்க?"

"அது வந்துங் மாமா..." என்று சென்னியப்பன் மறுபடி தொடங்கினான்.

"நீ இருண்ணா" என்றான் காளியப்பன். பெரியவரைப் பார்த்துத் திரும்பினான். "எனக்குக் கூட்டமெல்லாம் கெடையாதுங்க. நான் வாழப்பாடிக் காலனிக்காரன்."

பெரியவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. "நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்று சொல்லி, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார்.

சௌந்திரம் ரசச் சட்டியோடு நின்று புருசனைப் பார்த்தாள். அவன் சோற்றுக்குள் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். காளியப்பன் தன் இலையை மடித்துத் தானே கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். விருந்துக்கு வந்தவனை எச்சிலை எடுக்க விடுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு கேவலம் என்று சென்னியப்பனுக்குத் தெரியாதா? 'வெய்யுடா கீழே' என்று ஒரு சொல் போதும். வரவில்லை. எனக்கும் வரவில்லை. சோறு இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

வெளியே வண்டியருகில் காளியப்பன் கோபமில்லாமல்தான் கேட்டான்.

"ஏண்ணா, என்னைக் காப்பாத்தச் சொன்னியா, உன்னைக் காப்பாத்திக்கச் சொன்னியா?"

சென்னியப்பன் டூல்ஸ் பெட்டியைத் திறந்தான், மூடினான்.

சாயங்காலமே வண்டி கிளம்பியது. காளியப்பனும் ஏறினான். பிள்ளைகள் படிக்கின்றன, வேலையை விட முடியுமா? இப்போதும் அதே அடுப்பு, அதே குண்டான். "அண்ணா, இன்னொரு கரண்டி போடட்டா?" என்றுதான் கேட்கிறான். சென்னியப்பன் தட்டை வாங்கிக்கொண்டு கூடவே வரும் கம்ப்ரசர் வண்டிக்குப் பின்னால் போய்விடுகிறான். காய்ச்சலில் ஊட்டிய கையைப் பார்த்துக்கொண்டு தின்ன முடியவில்லை அவனால். கிராமங்களில் சாதி கேட்டால் இப்போது கேலி பேசுவதும் இல்லை. தண்ணிக் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறான்.

தையில் அவன் மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணம். முதலாளிக்குப் பத்திரிகை வைத்தாயிற்று, எனக்கு வைத்தாயிற்று, சுக்ராமுக்குக்கூட வைத்துவிட்டான். காளியப்பனுக்கு வைக்கவில்லை. அவனும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

பொறுக்காமல் நேற்று நான் கேட்டேன். "எப்படா குடுக்கப் போறே?"

"குடுத்தா வந்துருவானேடா" என்றான் சென்னியப்பன். சொல்லிவிட்டு, என் முகத்தையும் பார்க்காமல் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான்.